பதினான்கு வயதுப் பிள்ளையை அந்த அறைக்குள் கூட்டிப் போகலாமா?

ஏப்ரல் 8, 2025 – வாசகர் கேள்வி

டீச்சர், என் மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியிலிருந்து டர்பன் டவுனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் இனப்படுகொலை மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வந்த இரவு அவள் சாப்பிடவில்லை, விளக்கை அணைக்கவும் விடவில்லை. இந்த வயதில் இதையெல்லாம் காட்டத்தான் வேண்டுமா? அப்படியே காட்டினாலும், ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்தது, யாருக்கோ நடந்தது, நம் பிள்ளைகளுக்கு எதற்கு? நம் கதை ஒன்றும் அந்தச் சுவரில் இல்லையே.

ஏப்ரல் 9, இரவு

தங்கச்சி, காட்ட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உங்கள் மகள் அந்த இரவைத் தனியாகக் கழித்திருக்கிறாள். அது கூட்டிப் போனவர்களின் தவறு. கூட்டிப் போவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். டர்பன் மையம் 2008இல் திறந்தது. அடுத்த ஆண்டே 41 பிள்ளைகளோடு போனேன். ஒன்றரை மணி நேரம்தான் கையில் இருந்தது. ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தேன், அதில் 25 கோடிட்ட இடம். யூதர்களின் உரிமைகளைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் எந்த ஆண்டு? 1935. ஆஷ்விட்ஸ் கொலை முகாம் எந்த நாட்டில்? போலந்து. பிள்ளைகள் பலகை பலகையாக ஓடி ஆண்டுகளைப் பொறுக்கி எழுதினார்கள். சுவரிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த முகங்களை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாட ஆரம்பித்தார்கள். கல் நெஞ்சுக்காரப் பிள்ளைகள் என்று எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சில் எடுத்துக்கொண்டு போக நான் அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இன்றைக்கு அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "அங்கே பார்த்ததில் எது கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது?" அவ்வளவு போதும். பதில் வந்ததும் ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

இரண்டாவது கேள்வி பெரியது. அதற்கு எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

ஏப்ரல் 10

பள்ளிகள் ஏதோ சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகின்றன என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சுற்றுலா இல்லை. தேசியப் பாடத்திட்டத்தில் 2007 முதல் ஹோலோகாஸ்ட் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போரோடு வருகிறது. பதினொன்றாம் வகுப்பில் இன வேறுபாட்டை அறிவியல் என்று சொல்லி விற்ற கதையோடு மறுபடி வருகிறது. கேப் டவுன் மையம் 1999இல் திறந்தது, ஆப்பிரிக்காவிலேயே அதுதான் முதல். அப்புறம் டர்பன். ஜோகன்னஸ்பர்க் மையத்துக்கு 2019இல் சொந்தக் கட்டடம் வந்தது.

ஏப்ரல் 12

பிள்ளைகள் அங்கே போய்ச் சிரிக்கிறார்கள், மரியாதை இல்லை என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்காக இதை எழுதுகிறேன்.

2014இல் கூட்டிப் போனபோது, குவிந்து கிடக்கும் காலணிகளின் படத்துக்கு முன்னால் ஒரு பையன் வாய்விட்டுச் சிரித்தான். எல்லோர் முன்னிலையிலும் அவனைத் திட்டி வெளியே உட்கார வைத்தேன். அடுத்த வாரம் அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். வீட்டில் நடந்த திருட்டில் அவன் மாமாவை அவன் கண்ணெதிரே சுட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் அந்தப் பையன் சிரித்துக்கொண்டேதான் நின்றானாம். "அவனுக்கு அழுகை அப்படித்தாம்மா வரும்" என்றார் பாட்டி.

அன்றைக்குப் பிறகு, உள்ளே நுழையும் முன் வாசலில் வைத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவேன்: "சிலருக்கு அழுகை வரும், சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. எல்லாம் சரிதான். முடியவில்லை என்றால் என் கையைத் தொடு, வெளியே போய் உட்காரலாம்." வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் கையைத் தொடுகிறார்கள். வெளியே பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் திட்டியது எல்லோர் முன்னாலும், மன்னிப்புக் கேட்டது தனியாக. அது சரியில்லை என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 13

தங்கச்சி பதில் எழுதியிருக்கிறார். மகளை உலுக்கியது பிணங்களின் படம் இல்லையாம். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆனி ஃபிராங்க்கின் அறையைப் போலச் செய்து வைத்த மாதிரிதானாம். அந்தச் சுவரில் ஆனி சினிமா நட்சத்திரங்களின் படங்களை ஒட்டி வைத்திருந்தாள். இவள் அறைச் சுவரிலும் படங்கள் ஒட்டியிருக்கின்றன. "அம்மா, அது என் ரூம் மாதிரியே இருந்தது" என்றிருக்கிறாள்.

நாம் எப்போதும் கோரமான படங்களைத்தான் பயந்து மறைக்கிறோம். பிள்ளையின் உள்ளே போய் உட்கார்வதோ தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளைதான்.

ஆனி 1942 ஜூலையில் ஒளிந்தாள். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடித்தார்கள். பெர்கன்-பெல்சன் முகாமில் சாகும்போது அவளுக்கு வயது 15. ஒளிந்திருந்த எட்டுப் பேரில் மிஞ்சியவர் அப்பா ஓட்டோ மட்டும். மகளுக்கு இவ்வளவும் தெரியட்டும். பயம் முழுசாகப் போகாது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் வயதும் கிடைத்துவிடும்.

ஏப்ரல் 15

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாருக்கோ நடந்தது நமக்கு எதற்கு?

2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலி போனேன். ருவாண்டாவில் 1994 ஏப்ரல் 7 முதல் ஏறத்தாழ நூறு நாளில் எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சி இன மக்கள். கிசோசி மேட்டில் இருக்கும் நினைவகத்தில் மட்டும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் புதைத்திருக்கிறார்கள். 2004இல் திறந்த இடம் அது.

மேல்மாடியில் குழந்தைகளுக்கான பகுதி. ஒவ்வொரு படமும் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. பெயர், வயது, பிடித்த விளையாட்டு, பிடித்த சாப்பாடு, நெருங்கிய தோழி, கடைசியில் எப்படிக் கொல்லப்பட்டது என்று ஒரு வரி. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பிடித்தது முட்டையும் உருளைக்கிழங்குப் பொரியலும். குடிக்கப் பாலும் ஃபான்டாவும். நெருங்கிய தோழி அவளுடைய அக்கா. கீழே வெட்டுக் கத்தி என்று இருந்தது. அந்த மாடியில் புள்ளிவிவரம் ஒன்றும் கிடையாது. என்னால் மூன்றாவது படத்துக்கு மேல் நடக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் அடையாள அட்டைகளைப் பார்த்தேன். துட்சி, ஹுட்டு, துவா என்று இனத்தை அச்சிட்ட அட்டைகள். 1930களில் பெல்ஜியக்காரர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. அறுபது வருடம் கழித்துச் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் யாரைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். என் மாமியார் இன்னும் பீரோவில் வைத்திருக்கும் பழைய அட்டை உடனே நினைவுக்கு வந்தது. 1950ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் ஒவ்வொருவர் மேலும் ஒரு இனப் பெயரை ஒட்டியது. 1991 வரை அது இருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த நம் இந்திய ஆட்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள்.

இங்கே அது இனவழிப்பில் போய் முடியவில்லை. ஆனால் ஒரு ஆளை அட்டைக்குள் அடைக்கும் வேலை எப்படித் தொடங்கும் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பாட்டியின் பீரோவைத் திறந்தால் போதும். நம் கதை சுவரில் இல்லை என்றீர்களே, அட்டை வரைக்கும் இருக்கிறது தங்கச்சி.

ஏப்ரல் 19

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு.

இனப்படுகொலை என்று எழுதினால் பிள்ளைகள் எல்லாப் படுகொலையையும் அதற்குள் போட்டுவிடுகிறார்கள். சொல்லுக்குள்ளேயே படுகொலை இருப்பதால், நிறையப் பேர் செத்தால் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் ஜெனோசைட் என்ற மூலச் சொல்லை உண்டாக்கியபோது அவர் மனதில் இருந்தது ஒரு கூட்டத்தை அந்தக் கூட்டமாகவே இல்லாமல் ஆக்குவது. மொழி, கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைகள் எல்லாம் அதில் அடக்கம். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஒப்பந்தம் நிறைவேறியபோது பண்பாட்டை அழிப்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு கூட்டத்தின் பிள்ளைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் கொடுப்பது உள்ளேதான் இருக்கிறது. அதில் கொலையே இல்லை. ஆகவே வகுப்பில் நான் இனவழிப்பு என்றே சொல்கிறேன். மையத்தின் பெயர் வரும்போது மட்டும் பழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 27, சுதந்திர தினம்

1994இல் இதே நாள் எல்லா இனத்தாருக்குமான முதல் தேர்தலில் என் மாமனார் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்களித்தார். உலகமே நம் வரிசையைப் பார்த்துக் கைதட்டியது. அதே நேரத்தில் கிகாலியில் கொலை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜோகன்னஸ்பர்க் மையம் ஹோலோகாஸ்டையும் ருவாண்டாவையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதற்கு இந்த ஏப்ரலும் ஒரு காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரிசையில் நின்ற தாத்தா பாட்டிகளிடம் "அன்றைக்கு ருவாண்டா பற்றி ரேடியோவில் ஏதாவது கேட்டீர்களா?" என்று கேட்டு வர வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். 29 பேர் கேட்டு வந்தார்கள். இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் ஏதோ கேட்ட நினைவு. மற்றவர்களுக்கு அன்றைய நினைவெல்லாம் வரிசையும் வெயிலும்தான்.

மே 4

பிள்ளைகளையே கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்தால் நன்றாகப் பதியுமே என்று கேட்கிறார் ஓர் ஆசிரியர். வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ரயில் பெட்டி போலத் தரையில் கோடு போட்டு அதற்குள் முப்பது பிள்ளைகளை நெருக்கி நிற்க வைத்தால் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு விளையாட்டு. செத்தவர்களின் அனுபவம் அதில் கிடைக்காது. காவலனாக நின்ற பிள்ளைக்கு அது பிடித்துப்போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்தத் துறையில் அனுபவம் உள்ள பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்படி நடிக்க வைக்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன.

மே 5

நேற்று எழுதியதற்கு உடனே கேள்வி வந்துவிட்டது. அப்படியானால் ஜோகன்னஸ்பர்க் அப்பார்ட்தைட் (இன ஒதுக்கல்) அருங்காட்சியகம்? அங்கே டிக்கெட்டிலேயே வெள்ளையர், வெள்ளையர் அல்லாதோர் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுத்து, தனித்தனி வாசல் வழியாக அனுப்புகிறார்களே, அதுவும் நடிப்புத்தானே?

நியாயமான கேள்வி. இரவெல்லாம் யோசித்தேன். அந்த டிக்கெட்டில் யாரும் யாரையும் அடக்குவதில்லை. அட்டை உங்களைப் பிரிக்கிறது, நடக்கிறீர்கள், சில எட்டில் முடிகிறது. அதனால் அது வேறு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது ஒருமுறை என்னோடு வந்த மாமியார் நினைவுக்கு வந்தார். கையில் அந்த டிக்கெட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "இதை மறுபடியும் என் கையில் கொடுக்க வேண்டுமா?" என்றார். பிள்ளைகளுக்குப் பாடமாக இருப்பது அவருக்குக் காயமாக இருந்தது. ஆகவே என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எந்த உத்தியானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வேண்டாம் என்பவருக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

மே 18

இன்று முள்ளிவாய்க்கால் நாள். 2009இல் இலங்கைப் போர் அங்கேதான் முடிந்தது.

கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் கஞ்சி காய்ச்சினோம். அங்கே சிக்கிய மக்கள் குடித்தது போல அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். டர்பன் பிள்ளைகளுக்குக் கஞ்சி என்றால் ஆடி மாதத்து மாரியம்மன் கூழ்தான். ஏழு வயதுப் பெண் ஒருத்தி கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "மோர் எங்கே, வெங்காயம் எங்கே?" என்று கேட்டாள். இருந்திருந்தால் ஊற்றியிருப்பார்கள் கண்ணு என்றேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மடமடவென்று குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

பெரிய பிள்ளைகளுக்கு எண்களைச் சொன்னேன். கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இந்த மாதம் 10ஆம் தேதி அந்த நாட்டின் பிராம்டன் நகரில் நினைவுத்தூண் திறந்திருக்கிறார்கள்.

அவர்கள் கண் விரியக் கேட்டது வேறொரு கதையை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவிடத்தை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் வைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரலில் கட்டி முடித்துவிட்டார்கள். "அவங்களுக்கு என்ன வயசு டீச்சர்?" என்று கேட்டார்கள். உங்களைவிட ஐந்தாறு வயது கூட என்றேன்.

நினைவுச் சின்னத்தைப் பெரியவர்கள் கட்டிவைத்துப் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்க அழைப்பதுதான் வழக்கம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளே காவல் இருந்தார்கள்.

மே 20

டொராண்டோ அன்பர் என் மேல் கோபமாக இருக்கிறார். முதலில் நம்முடையதைச் சொல், யூதர்களையும் ருவாண்டாவையும் பிறகு பார்க்கலாம் என்கிறார். அண்ணா, உங்கள் கோபத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் வாயில் முள்ளிவாய்க்கால் இனவழிப்புத்தான். அதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் சுலு பேசும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு முல்லைத்தீவு எங்கே என்று தெரியாது. ருவாண்டாவின் அட்டையைப் பார்த்த பிள்ளைக்கு நந்திக்கடலைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருக்கிறது. ஒருவர் துக்கத்தைச் சொன்னால் இன்னொருவர் துக்கத்துக்கு இடம் குறைந்துபோகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்தது அப்படி இல்லை.

மே 29

நேற்று நமீபியாவில் முதல் தடவையாக இனவழிப்பு நினைவு நாளைத் தேசிய அளவில் கடைப்பிடித்தார்கள். ஹெரெரோ, நாமா மக்களை 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை அழித்தது. அப்போது தப்பியவர்கள் சத்தியம் செய்து சொன்ன சாட்சியங்களைத் திரட்டி 1918இல் நீலப் புத்தகம் என்று வெளியிட்டார்கள். திரட்டியது நம் தென்னாப்பிரிக்க நிர்வாகம். முதல் உலகப் போரில் பிடித்த அந்த நாட்டை ஜெர்மனியிடம் திருப்பிக் கொடுக்காமல் இருக்க அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. வேலை முடிந்தது. 1926இல் அந்தப் புத்தகப் பிரதிகளை அழிக்கத் தீர்மானம் போட்டார்கள். அங்கே குடியிருந்த வெள்ளையர்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டுமாம்.

சாட்சி சொன்னவன் செத்த பிறகு அவன் சொல்லையும் கொன்றார்கள். சில பிரதிகள் தப்பியதால்தான் நாம் இன்று படிக்கிறோம். ஆவணக் காப்பகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

ஜூன் 16, இளைஞர் தினம்

1976இல் ஜோகன்னஸ்பர்க் அருகே சொவெட்டோவில் அரசின் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அங்கே சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது 12. அவன் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் அவனுடைய அக்காவே வழிகாட்டியாக நின்று வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சிறைத்தீவாக இருந்த ராபன் தீவில் பழைய கைதிகளே சுற்றிக் காட்டினார்கள். வெகுகாலமாக, அனுபவித்தவர்களின் வாயாலேயே கேட்டுப் பழகிவிட்டோம். அவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். பிறகு யார் சொல்வது?

ஹோலோகாஸ்டில் தப்பியவர்கள் விஷயத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பின்காஸ் கட்டர் என்ற பெரியவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டுப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். திரையில் அவர் உட்கார்ந்திருப்பார், நாம் கேட்டால் பொருத்தமான பதில் வரும். முதன்முதலில் இப்படிப் பதிவானவர் அவர். மாய்தானெக் முகாமுக்குள் போன அன்று இரட்டைச் சகோதரியைப் பறிகொடுத்தவர். அவள் முகம் நினைவில்லை, கூந்தல் பின்னல் மட்டும் நினைவிருக்கிறது என்கிறார்.

அருமையான ஏற்பாடு. ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருவது வேறு. ஆம்ஸ்டர்டாமின் ஆனி ஃபிராங்க் இல்லம் ஊர் ஊராக அனுப்பும் கண்காட்சியில், அந்தந்த ஊர் மாணவர்களைப் பழக்கி அவர்களையே வழிகாட்டி ஆக்குகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை இன்னொரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறது. வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஆளுக்கு ஒரே ஒரு பலகை, ஒரே ஒரு ஆள். முகத்தைத் தேடி, பெயரைக் கண்டுபிடித்து, இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். 2009இல் கோடிட்ட இடத்தை நிரப்பிய தாள் எங்கே, இது எங்கே! தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு பையன் வீட்டுச் சுவரைப் பார்த்து இருபது தடவை பேசிப் பார்த்தானாம். செத்துப்போன ஒருவருக்காக ஒரு பிள்ளை அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதே, அதற்காகத்தான் நான் இத்தனை வருடம் கூட்டிப் போகிறேன்.

ஜூன் 18

பொஸ்னியாவின் சரயேவோவில் போரில் வளர்ந்த பிள்ளைகளுக்கான அருங்காட்சியகம் 2017இல் திறந்தது. யாஸ்மின்கோ ஹலிலோவிச் என்ற இளைஞர் தொடங்கியது. தன் வயதுக்காரர்களிடம் "போர்க் காலத்துக் குழந்தைப் பருவம் உனக்கு எப்படி இருந்தது?" என்று 160 எழுத்துக்குள் பதில் கேட்டிருந்தார். அப்புறம் அவர்கள் வைத்திருந்த பொம்மை, சைக்கிள், உடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. தமிழில் எஸ்எம்எஸ் என்றால் ஒன்றுக்கு 70 எழுத்துத்தான். அதனால் இரண்டு வரி என்று வைத்தேன். வீட்டிலிருந்து ஒரு பொருளும் இரண்டு வரியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 26

பொருள்கள் வந்தன. ஒரு பெண் கொண்டுவந்தது தாத்தாவின் தாத்தாவுடைய ஒப்பந்தக் கூலி எண், கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த நகல். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அவள் எழுதிய இரண்டு வரி: "ஆஷ்விட்ஸில் கையில் எண் போட்டார்கள். எங்கள் தாத்தாவுக்குக் காகிதத்தில் போட்டார்கள்." வகுப்பே அமைதியாகிவிட்டது. நானும் பாராட்டினேன்.

ஜூன் 28

பாராட்டியது உறுத்துகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. திருத்தி எழுதுகிறேன்.

கூலி எண் வேலை வாங்குவதற்காகப் போட்டது. அதில் கொடுமை இருந்தது, சவுக்கு இருந்தது, தற்கொலைகளும் இருந்தன. ஆனால் ஆளை உயிரோடு வைத்திருந்து கரும்புத் தோட்டத்தில் பிழிவதுதான் நோக்கம். ஆஷ்விட்ஸுக்கு ஏறத்தாழ 13 லட்சம் பேரைக் கொண்டுபோனார்கள். 11 லட்சம் பேர் செத்தார்கள். எண் கிடைத்தது நாலு லட்சம் பேருக்குத்தான். நேரே விஷவாயு அறைக்கு அனுப்பிய குழந்தைகளுக்கும் கிழவிகளுக்கும் எண்ணே கிடையாது. எண் போடும் அளவுக்குக்கூட அவர்கள் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எண் இருந்தால் தேடலாம், எண் இல்லாதவரை எப்படித் தேடுவது?" என்றாள். தன் இரண்டு வரியை அடித்துவிட்டு இதை எழுதினாள். இந்த முறை எல்லோர் முன்னாலும் என் தவறைச் சொன்னேன்.

ஜூலை 13

எழுதலாமா வேண்டாமா என்று தெரியாமல் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுக்க 350 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். தெருவுக்குத் தெரு நம் ஆட்கள் தடுப்புப் போட்டு நின்றார்கள். பயந்து நின்றவர்களும் உண்டு, சுட்டவர்களும் உண்டு.

இந்த ஆண்டு மையத்துக்குப் போய் வந்த மறுநாள், வகுப்பில் ஒரு சுலுப் பையன் எழுந்து, "பீனிக்ஸில் நடந்ததற்கு என்ன பெயர்?" என்று கேட்டான். நான் அவசரமாக, "அது இனவழிப்பு இல்லை" என்றேன். "இனவழிப்பா என்று நான் கேட்கவில்லை மேடம். பெயர் என்ன என்று கேட்டேன்."

ருவாண்டாவின் சாலைத் தடுப்புகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு நின்ற என்னிடம் அவனுக்குக் கொடுக்க ஒரு சொல் இல்லை. இது இனவழிப்பு இல்லை என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அடுத்த நாள் அவனிடம் போய், "கொலை. நம் ஊர்க்காரர்கள் இனத்தைப் பார்த்துச் செய்த கொலை" என்றேன். அவன் தலையாட்டினான். நன்றியும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

ஜூலை 15

எனக்கு வந்த கோபமான பதில்களை எல்லாம் படித்தேன். 1949இல் டர்பனில் இந்தியர்கள் மேல் நடந்த கலவரத்தை மறந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை. ஜனவரி 13 மாலை, மார்க்கெட் பக்கம் இந்தியக் கடைக்காரர் ஒருவர் 14 வயது ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகளின் வயது. அப்புறம் கேட்டோ மேனரில் வீடு வீடாக எரித்தார்கள். என் மாமியாரின் அம்மா தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து தப்பியவர்.

அந்தக் கதையை இருபது வருடமாக நம் வீட்டில் கேட்கிறேன். செத்தவர்கள் 142 பேர். இந்தியர்கள் 50. ஆப்பிரிக்கர்கள் 87, இவர்களில் பலர் போலீஸும் ராணுவமும் சுட்டுச் செத்தவர்கள். மீதி ஐந்து பேர் மற்றவர்கள். நம் வீட்டுக் கதையில் அந்த 87 பேர் ஒருநாளும் வந்ததில்லை. ஒருவேளை அவர்கள் வீட்டுக் கதையில் நம் 50 பேர் வராமல் இருக்கலாம்.

ஆகஸ்ட் 3

பீனிக்ஸ் பற்றிக் கேட்ட சுலுப் பையனும் கப்பல் எண் கொண்டுவந்த பெண்ணும் ஒன்றாக வந்தார்கள். 1949இல் செத்த 142 பேருக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார்கள். கிகாலி மாதிரி, பிடித்த சாப்பாடு வரை வேண்டுமாம். பெயராவது கிடைக்கட்டும் என்றேன். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம். பழைய செய்தித்தாள், விசாரணைக் குழு அறிக்கை, சுலுப் பத்திரிகைகள் எல்லாம் தேட வேண்டும். சுலுவில் இருப்பதை அவன் படிப்பான். தமிழில் ஏதாவது இருந்தால் நான்.

ஆகஸ்ட் 5

தங்கச்சி, உங்கள் மகளும் வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். பார்த்தீர்களா? கொம்பி வேன் 15 பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளி வாசல். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வியாழனுக்குள் அனுப்புங்கள். மதியச் சாப்பாடு, பென்சில், ஒரு நோட்டு போதும். காப்பகத்தில் பேனா வேண்டாம், பழைய காகிதத்தில் மை பட்டுவிடும். திரும்பியதும் உடனே வீட்டுக்கு விடமாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் அனுப்புவேன், கூட்டிப் போக 3 மணிக்கு வாருங்கள்.